ரவா தோசை ஏன் மதியம் கிடைப்பதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

சைவ உணவகங்களில் சாப்பிடுவது தொடர்பான ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நீண்ட கடிதங்களைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் ஊரின் பெரிய சைவ உணவகம் ஒன்றில் ரவா தோசை கேட்டேன். "இப்போது கிடையாது" என்றார் சர்வர். பட்டியலில் அச்சிட்டிருக்கிறதே என்றதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஊற வைக்க வேண்டாத, புளிக்க வைக்க வேண்டாத ஒரு தோசைக்கு இவ்வளவு பிகு எதற்கு? — ஒரு வாசகர், திருச்சி

பதில்: பட்டியலில் இருப்பதெல்லாம் எந்நேரமும் கிடைக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம், சமையலறையோ கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. சாப்பாடு தொடங்கிவிட்டால் பல உணவகங்களில் தோசைக்கல்லின் அடுப்பை அணைத்துவிடுவார்கள். விடியற்காலையிலிருந்து அனலில் நின்ற தோசை மாஸ்டர் அந்த இடைவெளியில்தான் சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தலை சாய்ப்பார்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும் ரவா தோசைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சாதா தோசை மாவு கெட்டியானது. கரண்டியால் நடுவில் ஊற்றி வெளிப்புறமாக வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிடும் என்பதால்தான், ஒவ்வோர் ஈடுக்கும் முன்னால் மாஸ்டர் ஒரு கை தண்ணீரைத் தெளித்து, அது சீறி அடங்குவதற்குள் ஈர்க்குத் துடைப்பத்தால் கல்லைத் துடைத்துச் சூட்டைத் தணிக்கிறார். ரவா தோசை மாவோ ரவையும் அரிசி மாவும் சிறிது மைதாவும் கலந்து நீர்மோர் போல இருப்பது. அதைத் தேய்க்க வராது; சற்று உயரத்திலிருந்து ஓரம் தொடங்கி உள்நோக்கி விசிறி ஊற்ற வேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் மாவு விழுந்த இடத்திலேயே நீர் ஆவியாகி, சல்லடைக் கண்கள் போன்ற அந்தத் துளைகள் விழும். அதன் பிறகு அடுப்பைத் தணித்து, நீர் முழுவதும் வற்றி மொறுமொறுப்பு ஏறும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆக, இரண்டு தோசைகளுக்கும் கல்லின் சூடு வேறு, நேரமும் வேறு. ஒரு ரவா தோசை கல்லை விட்டு இறங்குவதற்குள் அதே இடத்தில் இரண்டு மூன்று சாதா தோசைகளை எடுத்துவிடலாம். கூட்டம் நெருக்கும் வேளையில் "ரவா இல்லை" என்ற பதில் வருவதற்கு இதுவே காரணம். சர்வரின் அலட்சியம் அன்று.

காலைக் கூட்டம் வடிந்த பத்தரை மணிக்கோ, மாலையில் கல்லை மறுபடி ஏற்றும் நேரத்திலோ கேட்டுப் பாருங்கள். பக்கத்து மேசையில் யாரேனும் ரவா தோசை சொல்வது காதில் விழுந்தால் "எனக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்று உடனே சொல்லிவிடுவது நல்லது. கல்லை ஒருமுறை அதற்கென்று காய வைத்துவிட்டால் மாஸ்டர் நான்கைந்தைச் சேர்த்தே ஊற்றிவிடுவார்.

கேள்வி: குடும்பத்தோடு குளிர்சாதன அறையில் அமர்ந்து 480 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் 24 ரூபாய், அதன் பிறகு சி.ஜி.எஸ்.டி. 12.60, எஸ்.ஜி.எஸ்.டி. 12.60 என்று போட்டு மொத்தம் 529.20 வாங்கினார்கள். இவற்றுள் எது முறையானது? — ஒரு வாசகி, சேலம்

பதில்: வரி முறையானது, ஆனால் கணக்கிட்ட தொகை சரியில்லை. சாதாரண உணவகங்களில் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம். மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று அது இரண்டு வரிகளாகப் பில்லில் வரும். குளிர்சாதனம் இருந்தால் 18 சதவீதம், இல்லாவிட்டால் 12 சதவீதம் என்றிருந்த வேறுபாடு 2017 நவம்பர் 15 முதல் நீங்கிவிட்டது. குளிர்சாதன அறைக்கென்று உணவகம் தன் விலையை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். வரி விகிதத்தை உயர்த்த முடியாது. உங்கள் 480 ரூபாய்க்கு வரி 24 ரூபாய்தான். சர்வீஸ் சார்ஜையும் கூட்டி, அந்த 504 ரூபாயின் மேல் வரி போட்டதால்தான் அது 25.20 ஆகியிருக்கிறது.

சர்வீஸ் சார்ஜ் என்பது அரசுக்குப் போகும் வரி அன்று; உணவகம் தனக்காக வாங்கிக்கொள்வது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, எந்த உணவகமும் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. அதன் மேல் வரியும் போடக் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்ததால் சில காலம் இடைக்காலத் தடையில் இருந்த இந்த வழிகாட்டுதல்களை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று உறுதி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, கல்லாவில் பில்லை நீட்டி "இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று அமைதியாகச் சொல்வதே. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் தரலாம். என் அனுபவத்தில், அந்த எண்ணைக் கைப்பேசியில் அழுத்தத் தொடங்கும்போதே பெரும்பாலும் புதிய பில் வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட சிறிய உணவகங்கள் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்திருக்கலாம். அவை தம் கையிலிருந்து வரி கட்ட வேண்டுமே தவிர வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை 30 ரூபாய்க்கு விற்கிறார்களே, இது குற்றம் இல்லையா? — ஒரு வாசகர், கோவை

பதில்: இல்லை என்பதுதான் சட்டத்தின் பதில், எனக்கும் அது உவப்பாக இல்லை. உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் பாட்டிலை மட்டும் தனியாக விற்பதாகக் கருத முடியாது என்று சொல்லி, உணவகங்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் பாட்டில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. உட்கார்ந்ததும் "பாட்டிலா, சாதாவா?" என்று கேட்பார்கள். "சாதா" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: வேலை நிமித்தம் வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பவன் நான். முன்பின் தெரியாத ஊரில் நல்ல சைவ உணவகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் பலகையிலும் "உயர்தர சைவ உணவகம்" என்றுதானே எழுதியிருக்கிறது! — ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பலகையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள். அதிலும் பேருந்து நிலையத்து வாசலில் நிற்கும் கூட்டம் வேறு வழியில்லாமல் வருவது. உள்ளூர்க்காரர்கள் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வரும் இடம்தான் கணக்கு. கூட்டம் இருக்கும் இடத்தில் மாவும் சட்னியும் தேங்குவதில்லை. உணவின் தரத்துக்குச் சமையல்காரரின் கைப்பக்குவம் எவ்வளவு முக்கியமோ, பண்டம் எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

உள்ளே போனதும் முதலில் கை கழுவும் இடத்தைப் பாருங்கள். அங்கே தண்ணீர் தேங்கி நின்றால், நாம் பார்க்க முடியாத சமையலறையைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டியதில்லை. பிறகு இரண்டு இட்லி மட்டும் சொல்லுங்கள். மசாலாவும் நெய்யும் மறைத்துவிடும் குறைகளை இட்லியால் மறைக்க முடியாது. மாவு சரியாகப் புளித்திருந்தால் விரலால் பிட்ட இடத்தில் சீரான சிறு கண்கள் தெரியும். பழைய மாவென்றால் வாயில் வைப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதோடு வரும் தேங்காய்ச் சட்னிதான் உண்மையான தேர்வு. பச்சைத் தேங்காயை அரைத்துச் செய்வதால் உணவகத்தில் இருப்பவற்றுள் மிக விரைவில் கெட்டுப்போகக்கூடியது அதுதான்; கோடைக்காலத்தில் சில மணி நேரமே தாங்கும். காலையில் அரைத்ததை மாலைக்கும் ஓட்டுகிறவர்கள், பிற பண்டங்களையும் அப்படித்தான் ஓட்டுவார்கள். ஒரு நெடுஞ்சாலை உணவகத்தில் பகல் மூன்று மணிக்கு வந்த சட்னியில் மெல்லிய புளிப்பு வாடை அடித்தது. தயிர் சேர்த்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். அந்த இரவைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

வடை, போண்டாவுக்கு எண்ணெயைப் பாருங்கள். பொரிக்கும் எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து சிதைவதால் அதில் சேரும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம் கையில் இருக்காது. ஆனால் சட்டியில் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, அடங்காமல் நுரைப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அன்றைக்கு வடையைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் கோதுமை ஒவ்வாது, மாமியார் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. இருவரையும் அழைத்துக்கொண்டு போய் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாமியாரின் பாடு எளிது. இட்லி, நெய் ரோஸ்ட், வெண்பொங்கல், தயிர் சாதம் போன்றவற்றில் பெரும்பாலும் இடர் இருக்காது. சாம்பாரிலும் காரச் சட்னியிலும் வெங்காயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மசாலா தோசையின் கிழங்கிலும் அப்படியே. "வெங்காயம் போடாமல் கொடுங்கள்" என்று ரவா தோசைக்குச் சொல்லலாம், சாம்பாருக்குச் சொல்ல முடியாது; அது காலையிலேயே அண்டாவில் கொதித்துவிட்டது.

மகளின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பூரி, சப்பாத்தி, பரோட்டா, கேசரி, ரவா தோசை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாதது பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பார்கள். சாம்பார், ரசம், வடை என்று அது நுழையாத பண்டம் குறைவு. அரிசியும் உளுந்தும் மட்டுமே கொண்ட சாதா தோசையும்கூட, ரவா தோசை வார்த்த அதே கல்லில்தான் வருகிறது. ஒவ்வாமை கடுமையாக இருந்தால் சர்வரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், கூட்டமில்லாத நேரத்தில் போய் மேலாளரிடம் நேரில் பேசுங்கள். அப்போதும் ஆவியில் வேகும் இட்லிதான் ஓரளவு நம்பிக்கையானது. அதற்குத் தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து பொடி கொண்டுபோனால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒரு முழுச் சாப்பாட்டை வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்கிறார்கள். காசு கொடுத்த பிறகு யார் சாப்பிட்டால் என்ன? — ஒரு வாசகர், மதுரை

பதில்: கேட்கக் கேட்கப் பரிமாறுவதற்குத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள்; அதன் விலையை ஒரு வயிற்றைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பசி குறைவாக இருந்தால் அளவுச் சாப்பாடு வாங்கிக்கொள்ளுங்கள், அதை இருவரும் பகிர்ந்தாலும் கேட்க மாட்டார்கள். சின்னக் குழந்தைக்குப் பக்கத்தில் ஊட்டினால் எந்த உணவகமும் மறுக்காது, மறுக்கவும் கூடாது.

கேள்வி: தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் சைவ உணவகப் பட்டியல் ஒரே மாதிரி இருப்பது எப்படி? இந்தப் பட்டியலை முதலில் எழுதியவர் யார்? — ஒரு மாணவி, சென்னை

பதில்: ஒருவர் எழுதியது அன்று. ஆனால் அந்த அச்சின் பெரும்பகுதி கர்நாடகக் கடற்கரையிலுள்ள உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்களுடையது. அவர்களுள் ஒருவரான கே. கிருஷ்ண ராவ், சமையலறையில் எடுபிடி வேலை பார்த்து முன்னுக்கு வந்து, சென்னையில் 1938-இல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். கதீட்ரல் சாலையில் 1962-இல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிடும் வழக்கத்தைச் சென்னைக்குக் காட்டியது. 2008-இல் அது மூடப்பட்டது. இன்று செம்மொழிப் பூங்காவில் நடக்கும்போது நீங்கள் அந்த இடத்தில்தான் நடக்கிறீர்கள். திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கபே, இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றியே பெயர் வாங்கியது. கே.கே. நகரில் 1981-இல் தொடங்கிய சரவண பவன், சிறு இட்லிகளையும் மினி டிபனையும் பரவலாக்கி, அதே பட்டியலைக் கடல் கடந்தும் கொண்டுபோனது.

ஒரு காலத்தில் சில உணவகங்களில் சாதி பார்த்து இடம் ஒதுக்கினார்கள் என்பதையும், பெயர்ப் பலகையிலேயே சாதியை எழுதினார்கள் என்பதையும் இந்த வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கம் 1957-இல் மறியல் நடத்தியது. யாரும் யாருக்கு அருகிலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற இன்றைய நிலை தானாக வந்துவிடவில்லை.

பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும் பனீர் பட்டர் மசாலாவும் கோபி மஞ்சூரியனும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. டிபனுக்குப் பெயர்போன இடத்தில் அவற்றைச் சொல்வது வீண் என்பது என் கட்சி.

கேள்வி: நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார்களே, இதை எப்படித் தடுப்பது? — ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஞாயிற்றுக்கிழமை காலையில் தடுக்க முடியாது. நிற்பவர் நாற்காலியின் முதுகைப் பிடிக்காமல் ஓரடி தள்ளி நிற்கலாம். உட்கார்ந்திருப்பவர் கடைசி வாய் காபிக்குப் பிறகு கைப்பேசியைத் திறக்காமல் எழுந்துகொள்ளலாம். முதலாவதைச் செய்யச் சொல்லும் உரிமை, இரண்டாவதைச் செய்பவருக்குத்தான் உண்டு.

கேள்வி: பொங்கலில் ஒரு சிறு பூச்சி கிடந்தது. சொன்னதும் வேறு தட்டு கொண்டுவந்து வைத்து, பணமும் வேண்டாம் என்றார்கள். அதோடு விட்டுவிடலாமா? — ஒரு வாசகர், வேலூர்

பதில்: கேட்டவுடன் தவறை ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்த இடத்தில் நான் அதோடு விட்டுவிடுவேன். வாதாடினார்கள் என்றாலோ, அதே இடத்தில் மறுபடி நடந்தது என்றாலோ விடக் கூடாது. தட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிப் பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் பில்லில் அச்சிடுவது 2022 ஜனவரி முதல் கட்டாயம். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" செயலியிலோ புகார் தரலாம்.

கேள்வி: "ஸ்ட்ராங் காபி" என்று கேட்டால் ஒரு நாள் கசக்கிறது, ஒரு நாள் வெறும் பாலாக இருக்கிறது. எப்படிச் சொன்னால் சரியாக வரும்? — ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்திலிருந்தே இந்தக் கேள்வி வந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நீங்கள் "ஸ்ட்ராங்" என்று சொல்வது காபி மாஸ்டருக்கு "டிகாக்‌ஷனைக் கூடுதலாக ஊற்று" என்ற கட்டளை மட்டுமே. எந்த டிகாக்‌ஷன் என்பதை அது சொல்வதில்லை. பொடியில் முதல் முறை வெந்நீர் ஊற்றி இறங்குவது கெட்டியாக, மணத்தோடு இருக்கும். அதே பொடியில் இரண்டாம் முறை ஊற்றி இறக்குவது நிறம் மட்டும் தரும். அதைக் கூடுதலாக ஊற்றினால் கசப்புதான் ஏறும், காபி ஏறாது. ஆகவே எப்படிக் கேட்பது என்பதைவிட எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், பிற்பகலில் மூன்றரைக்கு மேல், புதிய டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். பாலும் அப்போதுதான் காய்ந்திருக்கும். பலமுறை கொதித்துக் கோவா வாடை வந்துவிட்ட பாலை எந்த டிகாக்‌ஷனாலும் காப்பாற்ற முடியாது.

உட்கார்ந்ததும் "புது டிகாக்‌ஷனா?" என்று கேளுங்கள். "இரண்டு நிமிடம் பொறுத்தால் புதிது" என்று சர்வர் சொன்னால் பொறுத்திருங்கள். "சர்க்கரை தனியாக" என்று சொல்லிவிட்டால் சுவையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். வந்ததும் முதலில் சர்க்கரையில்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பிறகு டபராவில் ஒருமுறை மட்டும் ஆற்றுங்கள். நான்கு முறை ஆற்றினால் நுரை வரும், சூடு போய்விடும். நெடுஞ்சாலைகளில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பித்தளை டம்ளரில் "டிகிரி காபி" தருகிறார்களே, அதையும் இதே முறையில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் டம்ளர் நன்றாக இருந்தது.